சாவி யாரிடம் இருக்கிறது? சென்னையில் ஓர் இளைஞர் மையத்தைப் பல வருடம் நடத்த ஒரு வழிகாட்டி

சென்னையில் இளைஞர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைவாய்ப்பு முகாம், கலர் டி-ஷர்ட், பிரிஞ்சி சாதம், குரூப் போட்டோ. அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் அந்த ஹாலில் பூட்டு தொங்கும். தென்சென்னையில், குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியேற்றிய மறுகுடியமர்வுக் குடியிருப்பு ஒன்றில் பதிமூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் வாரம் ஒரு பையன் என்னிடம் கேட்டது இதுதான்: "அண்ணா, நீங்க எத்தினி மாசம் ப்ராஜெக்ட்டு?"

பதினோரு மாதம் என்பதுதான் உண்மை. சொல்லக் கூச்சமாக இருந்ததால் மழுப்பினேன். பதினோரு மாதம் முடிந்து பணம் நின்றதும் மூன்று பேர் கைக்காசு போட்டு வாடகை கட்டி அறையைத் திறந்து வைத்தோம். உண்மையான வேலை அப்போதுதான் தொடங்கியது என்று இன்று தோன்றுகிறது.

தன்னார்வலரோ, சிறு அமைப்போ, கல்லூரி என்.எஸ்.எஸ். பொறுப்பாளரோ, வார்டு கவுன்சிலரோ, அந்தப் பையனின் கேள்விக்குக் கூசாமல் பதில் சொல்ல விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த நகரத்துக்கு இது புதிய வேலையும் இல்லை. வடசென்னையின் இரவுப் பாடசாலைகள், தெருமுனைப் படிப்பகங்கள், கேரம் கிளப்புகள், கபடிக் குழுக்கள் எல்லாம் 'யூத் ஒர்க்' என்ற சொல் நம் காதில் விழுவதற்கு முன்பே இதைச் செய்து வந்தவைதான். அவற்றிடம் இருந்த நீடிப்பு நம்மிடம் இல்லை. நம்மிடம் இருக்க வேண்டிய ஒன்று அவற்றில் பலவற்றில் இல்லை: உள்ளே பெண்பிள்ளைகள் இல்லை.

முதல் மூன்று மாதம்: எதையும் தொடங்காதீர்கள்

ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். ஏரியாவில் காலை ஆறு மணிக்கு ஒரு சுற்று, மாலை நாலரைக்கு ஒரு சுற்று, இரவு ஒன்பதரைக்கு ஒரு சுற்று. யார் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். காலையில் குடத்தோடு வரிசையில் நிற்பது யார்? மாலையில் மைதானம் யார் கையில் இருக்கிறது? இரவில் படிக்கட்டில் உட்கார்ந்து போன் பார்க்கிறவன் டெலிவரி முடித்து வந்தவனா, வேலையே கிடைக்காதவனா? இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். தேவை மட்டும் வேறு.

இதை நான் முதல் தடவை சரியாகச் செய்யவில்லை. சனிக்கிழமை மாலைதான் எல்லோருக்கும் ஓய்வு என்று நானே முடிவு கட்டி, கம்ப்யூட்டர் வகுப்பை அந்த நேரத்தில் வைத்தேன். தை மாதம். நான்கு வாரம் தொடர்ந்து காலி நாற்காலி. ஐந்தாவது வாரம் டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், முகூர்த்த சீசன். பசங்க எல்லாம் கேட்டரிங் வண்டில ஏறிப் போயிட்டானுங்க." கல்லூரி படிக்கிற பாதிப் பேருக்கு வாரக் கைச்செலவே கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிக் கிடைப்பதுதான். டீக்கடை, ரேஷன் கடை வரிசை, அங்கன்வாடி மூன்றிலும் முதல் மாதமே காது கொடுத்திருந்தால் இந்த நான்கு வாரம் மிஞ்சியிருக்கும்.

மறுகுடியமர்வுப் பகுதி என்றால் ஊர் வரலாற்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணகி நகருக்கு 2000 வாக்கில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து ஏராளமான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு வந்தன. ஒரே படிக்கட்டில் நான்கு பழைய ஏரியா குடியிருக்கும். பழைய சண்டை, பழைய நட்பு, பழைய பள்ளிக்கூடம் எல்லாம் மூட்டையோடு சேர்ந்து வந்திருக்கும். வருடத்தின் நடுவில் வீடு மாறியதால் படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு மாடியிலும் கேளுங்கள். உங்கள் முதல் பட்டியல் அதுதான்.

யாரை இளைஞர் என்கிறோம்?

இதைத் தாளில் எழுதி முடிவு செய்யாவிட்டால் பின்னால் சிக்கல் வரும். ஐ.நா. கணக்கில் 15 முதல் 24. இந்தியாவின் 2003 இளைஞர் கொள்கை 13 முதல் 35 வரை என்றது. 2014 கொள்கை அதை 15 முதல் 29 என்று சுருக்கியது. சட்டமோ 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. எங்கள் வழக்கம், 13 முதல் 17 ஒரு நேரம், 18க்கு மேல் இன்னொரு நேரம், 25க்கு மேற்பட்டவர்கள் பொறுப்பாளர்களாக வருவது. இப்படிப் பிரிக்கும்போது ஒரு கூட்டம் நழுவிவிடும், கவனியுங்கள்: பத்தொன்பது வயதில் கைக்குழந்தையோடு இருக்கிற பெண். ஏரியா அவளை 'பொம்பள' கணக்கில் சேர்த்துவிடும். மகளிர் குழுவில் அவள்தான் சின்னப்பெண், இளைஞர் குழுவில் ஆளே இல்லை. அவளுக்குக் குழந்தையோடு வந்து உட்கார ஒரு பாய் விரித்து வையுங்கள், அது போதும்.

அறை, நேரம், தாழ்ப்பாள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறிலிருந்து எட்டரை. அதே அறை, அதே ஆள். பண்டிகை, தேர்தல், மழை எதுவானாலும் கதவு திறக்க வேண்டும். நிகழ்ச்சி எதுவும் இல்லாவிட்டாலும் சரி. வீட்டில் அடி விழுந்த அன்று, வேலை போன அன்று, காதல் முறிந்த அன்று ஒரு பிள்ளை நடந்து வந்து பார்க்கும்போது விளக்கு எரிய வேண்டும். எந்த நாள் அது என்று நமக்குத் தெரியாது என்பதால் எல்லா நாளும் திறக்க வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்திருந்தோம். நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் அதுவரை உள்ளே காலே வைக்காதவன். வாசலில் நின்று, "இன்னிக்குக் கூடவா தொறந்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினான்.

அறையைத் தேடும்போது கோயில் மண்டபம், சர்ச் அறை, கட்சி அலுவலகம் மூன்றும் சுலபமாகக் கிடைக்கும். மூன்றிலும் சிலர் படியேற மாட்டார்கள். மாநகராட்சி சமூகக்கூடமோ, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் தரைத்தள அறையோ கேட்டு மனு போடுங்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியதுதான் 2021-ல் பெயர் மாறியது. ஏரியாவில் இன்றும் 'ஹவுசிங் போர்டு' என்றால்தான் புரியும். தரைத்தளம் கட்டாயம். லிப்ட் இருக்கிறதே என்று எட்டு மாடிக் கட்டடத்தில் மேலே இடம் எடுக்காதீர்கள், அது எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் கழிவறை. முதல் வருடம் பெண்பிள்ளைகள் வருவார்கள், நாற்பது நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். வீட்டில் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டு அம்மாக்களைக் கூப்பிட்டுக் கூட்டமெல்லாம் போட்டேன். கடைசியில் எங்களோடு வேலை செய்த அக்கா ஒருவர் கழிவறைக்குள் போய்விட்டு வந்து, "தம்பி, தாழ்ப்பாளே இல்லையே, எப்படிப் போவாங்க?" என்றார். அறுபது ரூபாய் தாழ்ப்பாள். மறுநாள் நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினோம். அதோடு ஒரு மூடி போட்ட குப்பைக்கூடை, ஒரு வாளி, அலமாரியில் நாப்கின். அந்த மாதத்திலிருந்து எட்டரை வரை உட்கார்ந்தார்கள்.

வராதவர்கள் நோட்டு

எல்லா அமைப்பிலும் வருகைப் பதிவேடு இருக்கும். கூடவே ஒரு வராதவர்கள் பதிவேடும் வையுங்கள். மாதம் ஒரு முறை, ஏரியாவில் இருந்தும் நம்மிடம் வராதவர்கள் யார் என்று அரை மணி நேரம் பேசி எழுதுங்கள். 'எல்லோரும் வரலாம்' என்று சுவரில் போர்டு மாட்டுவதால் யாரும் வருவதில்லை.

பெண்பிள்ளைகளுக்குத் திரும்பிப் போகும் நேரம்தான் சிக்கல். எட்டரைக்கு முடித்தால் எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எந்தத் திருப்பத்தில் குடிகாரர்கள் நிற்பார்கள் என்று அவர்களையே வரைபடம் போடச் சொல்லுங்கள். வெளியே அழைத்துப் போவதானால் சாதாரணக் கட்டணப் பேருந்தாகப் பாருங்கள். 2021 முதல் பெண்களுக்கும், திருநர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களோடு துணைக்கு வரும் ஒருவருக்கும் அதில் கட்டணம் இல்லை. செலவு பாதியாகும்.

மாற்றுத்திறன் என்றதும் சாய்தளம் கட்டிவிட்டு முடிந்தது என்று நினைக்கிறோம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளைச் சொல்கிறது. எங்களிடம் தினமும் வந்து கேரமில் எல்லோரையும் தோற்கடிக்கிற காது கேளாத பையன் ஒருவன் இருந்தான். டூருக்கு மட்டும் மூன்று முறை வரவில்லை. ஆர்வம் இல்லை போல என்று விட்டுவிட்டோம். பிறகுதான் உறைத்தது: எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக அறிவிப்பை எல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒருவருக்காகத் திறந்த கதவு இன்னொருவர் முகத்தில் சாத்தியிருந்தது. இப்போது குரல், எழுத்து இரண்டும் போகும். முப்பது சைகைகளை அவனிடமே எல்லோரும் கற்றுக்கொண்டோம். அதில் பாதி திட்டுகிற சைகை என்பது பின்னால் தெரிந்தது.

திருநங்கைகளுக்குத் தமிழ்நாடு 2008-லேயே நல வாரியம் அமைத்தது. அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014-ல் வந்தது, உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-ல். உங்கள் பதிவுப் படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டு கட்டம் மட்டும் இருந்தால் இவ்வளவும் அந்தத் தாளோடு நின்றுவிடும். பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போகிற பிள்ளையின் சான்றிதழ் பெயரையும் கூப்பிடும் பெயரையும் தனித்தனியே எழுத இடம் விடுங்கள். இரண்டாவதைக் கூப்பிடுங்கள்.

சாதியைப் பற்றி நம் ஊரில் நேராகக் கேட்க மாட்டார்கள். "எந்த ஏரியா?" என்பார்கள். முதல் அறிமுக விளையாட்டில் அந்தக் கேள்வியை வைக்காதீர்கள். வேலைக்குப் போகும்போது கண்ணகி நகர் முகவரியைச் சொல்லாமல் துரைப்பாக்கம் என்று மட்டும் சொல்லிப் பழகிய பிள்ளைகள் எத்தனையோ பேர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தபோது, ஒரு வாரத்துக்கு அந்த முகவரியே பெருமையானது. டிவி வண்டிகள் வந்தன. அதற்கு முன் வருடக்கணக்கில் அந்தப் பெண்கள் கேமரா எதுவும் இல்லாமல் பயிற்சி எடுத்தார்கள் என்பதைத்தான் நான் இங்கே குறித்து வைக்க விரும்புகிறேன். ஓ.எம்.ஆர். கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்திருக்கிற பீகார், ஒடிசா பையன்களும் உங்கள் வார்டு இளைஞர்கள்தான். ஞாயிறு கிரிக்கெட்டில் ஆள் குறையும்போது கூப்பிட்டுப் பாருங்கள், இந்தி தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

பாதுகாப்பு: பேசிக்கொள்ளாமல் விடக்கூடாதது

18 வயதுக்குக் கீழ் யார் வந்தாலும் போக்சோ சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 2012-ல் வந்த அந்தச் சட்டப்படி, ஒரு குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். 'குடும்ப மானம்', 'பேசித் தீர்த்துக்கலாம்' என்று பெரியவர்கள் வருவார்கள். அதற்கு இடமே கிடையாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் பெரிதாக எழுதுங்கள், கழிவறைக் கதவின் உள்பக்கம் இன்னொரு முறை எழுதுங்கள். தனியாகப் படிக்க முடிகிற இடம் அதுதான்.

எப்போதும் இரண்டு பெரியவர்கள், மூடிய கதவுக்குப் பின்னால் தனிப்பேச்சு இல்லை, இரவு பத்துக்கு மேல் தனி மெசேஜ் இல்லை. புகைப்படம் எடுக்குமுன் பிள்ளையிடமும் வீட்டிலும் கேளுங்கள். இன்னொன்று: பதினேழு வயதுக் காதல் வீட்டை விட்டு ஓடி, பையன் மேல் போக்சோ வழக்காக முடிவதை ஏரியாவில் அடிக்கடி பார்க்கிறோம். சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பையன்களுக்கும் பெண்களுக்கும் முன்கூட்டியே, மிரட்டாமல், ஒரு வக்கீலை உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

முடிவெடுப்பது யார்?

1992-ல் யுனிசெஃப் வெளியீடு ஒன்றில் ரோஜர் ஹார்ட் என்பவர் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கீழ் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை: ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குச் சேர்ப்பது. அமைச்சருக்குப் பூங்கொத்து கொடுக்க நிறுத்தப்படும் பிள்ளை இரண்டாவது படி. நம் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடுகின்றன.

மேலே ஏறச் சுலபமான வழி காசு. மாதம் இரண்டாயிரம் ரூபாயைப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் கையில் கொடுங்கள். ஐவரில் இரண்டு பேராவது பெண்கள். என்ன வாங்கலாம் என்று நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் முதல் குழு முழுப் பணத்துக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கியது. மூன்றாம் நாள் ரிப்பேர். கணக்குக் கேட்ட மற்ற பிள்ளைகளிடம் அவர்கள் பதில் சொன்ன கூட்டம், நான் நடத்திய எந்தத் தலைமைப் பண்புப் பயிற்சியையும் விட உபயோகமாக இருந்தது. அடுத்த மாதம் பில் வாங்கினார்கள், வாரன்டி கேட்டார்கள்.

பணம்

பதிவு செய்ய 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் வேண்டும். ஏழில் மூன்று பேர் ஏரியாக்காரர்களாக இருக்கட்டும். கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் வேண்டுமென்றால் வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகளும், 2021 முதல் சி.எஸ்.ஆர்-1 படிவமும் தேவை. ஒரு வருடத் திட்டமாக எழுதிக் கொடுக்காதீர்கள். பல வருடம் ஓடும் தொடர் திட்டத்துக்கு அந்த விதிகளிலேயே வழி இருக்கிறது. தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டு வரை போகலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

வாடகை, கரண்ட் பில், பொறுப்பாளர் சம்பளம் மூன்றையும் பெரிய நிதியில் தொங்கவிடாதீர்கள். மாதம் இருநூறு, ஐந்நூறு தருகிற நாற்பது பேர் அதைத் தாங்கட்டும். பெரிய பணம் வந்தால் கம்ப்யூட்டர் வாங்கலாம், போனால் கம்ப்யூட்டரோடு போகட்டும், கதவு திறந்திருக்கும்.

கொள்கைக்குள் நுழைவது

பத்து வருடம் கதவைத் திறந்து வைத்தாலும் அது உங்கள் தயவில்தான் ஓடுகிறது. அரசுத் தாளில் ஏறினால்தான் உங்களுக்குப் பின்னும் நிற்கும். பெரிய கொள்கையிலிருந்து தொடங்காமல் ஒரு மைதானத்திலிருந்து தொடங்குங்கள். நாங்கள் கேட்டது ஒரே ஒரு வரி: மாநகராட்சி விளையாட்டுத் திடலில் வாரம் மூன்று மாலை பெண்களுக்கு மட்டும். சென்னையின் 200 வார்டுகளுக்கும் வார்டு கமிட்டியும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையும் அமைக்க 2022-ல் விதிகள் வந்தன. பகுதி சபையில் பதினெட்டு வயதுப் பெண் எழுந்து மூன்று நிமிடம் பேசினால், நான் எழுதும் பத்துப் பக்க மனுவை விட எடை அதிகம். பேசுவதற்கு முன் வீட்டில் இரண்டு முறை ஒத்திகை பார்க்கட்டும். தீர்மானத்தில் அந்த வரி ஏறியதா என்று அன்றே பார்த்துவிட வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள், முப்பது நாள் கெடு.

இருக்கிற திட்டங்களோடு இணைத்து வைப்பதும் கொள்கை வேலைதான். 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சி, அதே வருடம் வந்த புதுமைப் பெண், 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைகள் எல்லாம் பெரும்பாலும் கல்விக்கூடத்துக்குள் இருப்பவர்களைத் தேடி வரும். பத்தாம் வகுப்போடு நின்றவனைத் தேடி அவை வருவது அபூர்வம். அவனைத் திரும்பப் பள்ளிக்கோ ஐ.டி.ஐ.க்கோ கொண்டு போவது உங்கள் பொறுப்பு. படிக்கவும் வேலை பார்க்கவும் பொது இடமாகக் கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி ஓர் இடம் உங்கள் மண்டலத்திலும் வேண்டும் என்று கேட்கும்போது, படிக்கிறவர்களுக்கு மட்டுமா, சும்மா வந்து உட்கார்பவனுக்கும் இடம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பொறுப்பாளர்களை முறையாகப் பயிற்றுவிக்க ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் 1993 முதல் இருக்கிறது. பக்கத்தில் இருந்தும் நம்மில் பலர் எட்டிப் பார்த்ததில்லை.

எதை எண்ணுவது?

'பயனாளிகள் 1,200' என்று ரிப்போர்ட் எழுதாதீர்கள். மூன்று எண் போதும்: மூன்று வருடத்துக்கு முன் வந்தவர்களில் இன்னும் தொடர்பில் இருப்பவர்கள், இந்த வருடம் வராதவர்கள் நோட்டிலிருந்து வருகைப் பதிவேட்டுக்கு மாறியவர்கள், நீங்கள் இல்லாத நாளில் கதவைத் திறந்தவர்கள்.

கைமாற்றம்

மூன்றாவது எண்ணை முதல் வருடத்திலிருந்தே கவனியுங்கள். அறைக்கு மூன்று சாவி செய்யுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று ஏரியாவில் ஒரு பெரியவரிடம், மூன்றாவது குழுவிடம். குழுச் சாவி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கை மாறும், அடுத்தடுத்து இரண்டு பையன்களிடம் போகக் கூடாது. தொலைத்தால் புதுச் சாவிக்கு அவர்களே காசு போட வேண்டும். எங்களிடம் இதுவரை நான்கு முறை தொலைந்திருக்கிறது.

பதினைந்து வயதில் வாசலில் நின்று எட்டிப் பார்த்த ஒரு பெண் இப்போது பொறுப்பாளர், சம்பளத்தோடு. போன மாதம் எனக்குக் காய்ச்சல். ஏழு மணிக்குப் போன் செய்து, "தொறந்தாச்சாம்மா?" என்றேன். பின்னால் கேரம் காய் சிதறுகிற சத்தம். "அண்ணா, ஆறு மணிக்கே தொறந்தாச்சு. நீங்க படுங்க. அப்புறம் அந்தத் தாழ்ப்பாள் மறுபடி லூஸ் ஆயிடுச்சு, மாத்தணும்" என்றாள்.